மர நிழலில் நட்ட குச்சிகள்

வெஸ்ட்மீட் பண்ணை
14 ஜூன் 1771

அன்புள்ள அண்ணன் நத்தானியேலுக்கு,

புதன்கிழமை கிரிக்கெட் ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். எங்கள் பண்ணைப் பிரபு பந்தயம் வைத்த ஐந்நூறு கினிப் பொன் போகப்போகிறது. குச்சி நட இடம் பார்ப்பது வெளியூர் அணியின் பந்துவீச்சாளன் வேலை. பதினேழு வருடமாக எங்கள் பக்கம் அது நான்தான். காலையில் கறுப்பாகத் தெரிந்ததைச் சரிவு என்று நினைத்தேன். அங்கே நட்டால் பந்து தரையோடு ஓடும் என்று கணக்குப் போட்டேன். அது எல்ம் மர நிழல். வெயில் ஏறியதும் தரை மேசைபோல் கிடந்தது. அவர்கள் மாலைவரை அடித்தார்கள்.

நான் லஞ்சம் வாங்கி இடத்தை மாற்றினேன் என்று பிரபு நம்புகிறார். தோட்டக்காரன் வேலை போனால் போகட்டும், பேர் போகக் கூடாது. என் கண் மங்குவது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். வந்து அவர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
ஏபெல்

பீட்டர்ஸ்ஃபீல்ட்
20 ஜூன்

தம்பி ஏபெலுக்கு,

தோல்கடையை ஒரு நாள் பூட்டிவிட்டுப் போய்வந்தேன். போன பனிக்காலம் எதிரே நின்ற என்னைக் குரல் கேட்ட பிறகே நீ கண்டுகொண்டதைப் பிரபுவின் காரியஸ்தர் க்ரௌச்சிடம் சொன்னேன். அவர் நம்பினார். நம்பியதுதான் வினை.

"குருடனால எங்க ஐயாவுக்கு என்னய்யா லாபம்? திருடன்னா பந்தயமே செல்லாது" என்றார்.

கண் தெரியாதவன் என்றால் நீ உடனே பண்ணை வீட்டைக் காலி செய்ய வேண்டும். லஞ்சம் வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்தால் சாகும்வரை கூரை. வாரத்துக்கு மூன்று ஷில்லிங் என்று ஆரம்பித்தார், ஐந்துக்கு ஏற்றினேன். பேரை வைத்து அடுப்பு எரியாது, தம்பி. கழுதைமேல் தோல் ஏற்றி விற்று முன்னுக்கு வந்தவன் சொல்கிறேன். இங்கே வந்துவிடு என்று சொல்ல ஆசைதான்; உன் அண்ணி சம்மதிக்கவில்லை. நீ கையெழுத்துப் போட வேண்டிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நத்தானியேல்

வெஸ்ட்மீட் பண்ணை
27 ஜூன்

அண்ணனுக்கு,

உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், பேரம் பேச அல்ல. நேற்று க்ரௌச்சின் ஆட்கள் என் கட்டிலைத் தூக்கி மழையில் வைத்தார்கள். அதன் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டேன், கோணலாக இருக்கும்.

உங்களுக்கு என் நிபந்தனை ஒன்று உண்டு. இனி இங்கே வர வேண்டாம், எழுதவும் வேண்டாம்.

ஏபெல்

பீட்டர்ஸ்ஃபீல்ட்
3 ஜூலை

தம்பிக்கு,

முடிவைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை என்பதால் இந்த ஒன்று மட்டும்.

சத்திரத்தில் உன் அணி முழுவதையும் உட்கார வைத்துத் தாளை வாசித்தார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். உன் பந்துக்கு இத்தனை வருடம் குச்சிக்குப் பின்னால் நின்ற டோபி மட்டும் என்னிடம் வந்து, "நீங்க அவன் கூடப் பிறந்தவரு, சொல்லுங்க. நெசமா வாங்கினானா?" என்று கேட்டான். வாங்கினான் என்றேன். இல்லை என்று சொல்லியிருந்தால் தாள் செல்லாமல் போயிருக்கும்.

முடிவானது இது: வீடு உன் ஆயுள்வரை. சனிக்கிழமைதோறும் ஐந்து ஷில்லிங். குளிர்காலத்துக்கு இரண்டு வண்டி விறகு. பதிலுக்கு நீ இனி பந்தைத் தொடக் கூடாது. எழுதிக் கொடுத்ததை யாரிடமும் மறுக்கக் கூடாது. நான் வருவதில்லை, எழுதுவதில்லை.

நத்தானியேல் பெஸ்கட்