முன்சக்கரத்து மஞ்சள் பொட்டு

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ராஜகிரி மலை தெரியவேயில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் என் பைக்கின் முன்சக்கரத்துக்குப் புது டயர் வாங்கினேன். டியூப் இல்லாதது. கடைக்கார அன்வர் பாய் அங்கேயே மாட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம், நானே மாட்டுகிறேன் என்றேன். ஏன் சொன்னேன்?

"டீச்சர், டயரு மாட்றது பாடம் நடத்துற மாதிரி இல்ல" என்றார். கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மைதான்.

காரணம் என்னைப் பெற்ற நைனாதான். போன மாதம் வல்லம் தாண்டி ஆணி ஏறி, காற்று சட்டென்று இறங்கி விழுந்தோம். எனக்கு முட்டியில் சிராய்ப்பு. பின்னால் இருந்த அவருக்கு வலது மணிக்கட்டு போயிற்று. அன்றிலிருந்து எங்கே போனாலும் பஸ். பயம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் சண்டையாவது போடலாம்.

திங்கள்கிழமை திண்டிவனத்தில் மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள். அன்றைக்கு அவர் என் பின்னால் உட்கார்ந்து வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

நவ. 6, வியாழன்

வாங்கியது: டயரை நெம்பி எடுக்கும் லிவர் இரண்டு. வீட்டில் இருப்பது: ஸ்பேனர், பழைய சாக்கு, சோப்புத் தண்ணி. இல்லாதது: தைரியம்.

செல்லில் வீடியோ. டயரில் மஞ்சள் பொட்டு இருக்குமாம், அதுதான் எடை குறைந்த இடம். அதைக் காற்றடிக்கும் வால்வுக்கு நேராக வைத்து மாட்ட வேண்டும். பிறகு சக்கரம் ஆடாமல் சுற்ற பேலன்ஸ். இன்னொரு வீடியோவில் அதெல்லாம் தேவையே இல்லை என்கிறான். இருவருக்கும் ஒரே மாதிரித் தாடி.

நைனா பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "கடக்காரன் மாட்டனா ஏதாவது ஆச்சுன்னா அவன திட்டலாம். நீயே மாட்டிக்கினா யார திட்டறது?"

"திங்கக்கெழம வண்டில வர்றியா நைனா?"

"பஸ்ஸு இருக்குதே."

நவ. 8, சனி

மாடிப்படி அடியிலிருந்து டயரை எடுத்தேன். பொட்டு இருந்தது! நல்ல மஞ்சள், சுண்டுவிரல் நுனி அளவு. பெரிய சந்தோஷம்.

பழைய டயர் ரிம்மை விட்டு வர மறுத்தது. மேலே பலகை போட்டு ஏறி நின்று குதித்தேன். எதிர்வீட்டு அக்கா, "இன்னாடி ஆச்சு உனக்கு?" என்றாள். நைனா ஜன்னலில் நின்றார். கூப்பிட்டால் வந்திருப்பாரோ?

பொட்டை வால்வுக்கு நேராக வைத்து, ஓரமெல்லாம் சோப்புத் தண்ணி தடவி, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி மாட்டிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பொட்டு சிவப்பு.

சிவப்பா? காலையில் மஞ்சளாகத்தானே இருந்தது? மறுபடி வீடியோ. சிவப்புப் பொட்டும் உண்டாம், அதற்கு வேறு அர்த்தமாம். அப்படியானால் என் மஞ்சள் எங்கே? கண்ணில் கோளாறா?

கைப்பம்பில் காற்று நிற்கவில்லை. சக்கரத்தை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அன்வர் பாயிடம் போனேன். காற்றடித்தார். பேலன்ஸ் பார்ப்பீர்களா என்றேன். "பைக்குக்கு யாரு டீச்சர் பாக்குறாங்க? மொதல்ல நம்ம ரோட்ட பேலன்ஸ் பண்ணச் சொல்லுங்க."

மாலையில் வல்லம் வரை ஓட்டிப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டினால் கைப்பிடியில் ஒரு துடிப்பு. டயரா? என் கையா? விழுந்த இடம் வந்ததும் அதிகமான மாதிரி இருந்தது. திரும்பி வரும்போதும் இருந்தது.

"எப்டி இருக்குது?" என்றார் நைனா. "சூப்பர்" என்றேன். நம்பவில்லை.

நவ. 9, ஞாயிறு

வெயில். சக்கரத்தைக் கழற்றி, இரண்டு நாற்காலிக்கு நடுவே கம்பியில் தொங்கவிட்டுச் சுற்றினேன். கனமான பக்கம் கீழே வந்து நிற்குமாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. அழுகை வந்தது. விட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

நைனாவின் வெள்ளைத் துண்டு. ஓரத்தில் மஞ்சள் தீற்றல். குழம்புக் கறை என்று சோப்புப் போட்டேன். சிவந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மஞ்சள்தூள். டயரிலும் சோப்புத் தண்ணிதானே தடவினேன். புதுச் சாமான் எது வந்தாலும் அம்மா மஞ்சளில் பொட்டு வைப்பாள். மிக்சிக்கு, பீரோவுக்கு, என் வண்டிக்கு. அவள் வைக்கும்போதெல்லாம், "மிக்சிக்கு இன்னாத்துக்குடி பொட்டு, கல்யாணமா?" என்று கேலி செய்கிற மனுஷன் நைனா. கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பாரே தவிர உள்ளே வந்ததில்லை. அம்மா செத்த அன்றுகூடத் திருநீறு வைக்க விடவில்லை. இவரா?

ஓடிப்போய் டயரைப் பார்த்தேன். சுற்றி வந்தால் எதிர்ப்பக்கம், கம்பெனி வைத்த பொட்டு, பெயின்ட்டில். முதல் பொட்டைப் பார்த்ததுமே தேடுவதை நிறுத்தியிருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா பேப்பர் படித்தார்?

மறுபடி கழற்றக் கையில் தெம்பில்லை. அன்வர் பாயிடமே கொடுத்துவிட்டேன். திருப்பி மாட்டியது அவர், இடம் காட்டியது நான். இது தோல்வியா? திட்டுவதற்கு இப்போது இரண்டு பேர்.

வல்லம் போய் வந்தேன். துடிப்பு இல்லை. அல்லது பழகிவிட்டது.

நைனாவிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லையென்பார், நான் துண்டைக் காட்டுவேன், அவமானமாகிவிடும். சாப்பிடும்போது பொதுவாகச் சொல்லிவைத்தேன்: "டயர்ல எத வெச்சாலும் காத்தடிக்கிற எடத்துக்கு நேரா வெக்கணுமாம் நைனா. மாத்தி வெச்சா வண்டி ஆடுதாம்."

நீண்ட நேரம் ரசத்தைக் கலக்கினார். "யாரு சொன்னா?"

"செல்லுல பாத்தேன்."

"ம்."

நவ. 10, திங்கள்

வானம் வெளுப்பு. அரை நாள் லீவு. வண்டியை எடுக்கப் போனேன். முன்சக்கரத்தில், வால்வுக்கு நேராக, கம்பெனிப் பொட்டுக்குப் பக்கத்திலேயே, இன்னொரு மஞ்சள் பொட்டு. ஈரம்கூடக் காயவில்லை.

நைனா கேட்டருகே, ஹெல்மெட்டை இப்போதே மாட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி.

"இன்னா நின்னுக்கினு இருக்குற? டைம் ஆவுது."

ஏறினார். கட்டில்லாத இடது கையால் என் தோளைப் பிடித்தார். வல்லம் தாண்டும்போது பிடி இறுகியது. திண்டிவனம் வரை எடுக்கவில்லை.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. எலும்பு சரி.

சாயங்காலம் உடை மாற்றும்போது பார்த்தேன், சுடிதார் தோளில் மஞ்சள். சோப்புப் போடவில்லை.