உன் அம்மா காலில் கட்டாத பட்டு

பாப்பா,

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உன் அம்மாவின் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டு இப்போதுதான் திரும்பினோம். என் சட்டையெல்லாம் மருந்து வாசனை. லீவுக்கு வந்து நீ பையைத் திறந்தால் இப்படித்தான் அடிக்கும். உன் அம்மா, என் அக்கா, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். என்னோடு பேசவில்லை. காரணத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

உன் ஆராய்ச்சிக்குப் பட்டுக்கூடு கேட்டாய். கல்வராயன் மலை தொடங்கிக் கடல் வரைக்கும் என்னை மாதிரிப் புழு வளர்க்க ஆள் கிடையாது. முதல் தரமாகப் பொறுக்கி, தாய்மாமன் சீர் என்று தாம்பாளத்தில் வைத்து, நைனார்பாளையம், சங்கராபுரம் என்று சொந்தக்காரர் வீடெல்லாம் காட்டிவிட்டுத்தான் உன்னிடம் புறப்பட்டேன். அதற்குள் பூச்சிகள் கூட்டைத் துளைத்து வெளியே வந்து, பஸ்ஸில் ஓர் அம்மாவின் கொண்டையில் ஏறிவிட்டன. ஓட்டைக் கூட்டை நூல் எடுக்கிறவன் தொடமாட்டான். நான் கூசிப்போய் நின்றேன், நீ சிரித்தாய்.

"ஓட்டை இருந்தா இன்னா மாமா? எப்படியும் கரைக்கத்தான் போறேன்."

கூட்டின் பசையைச் சோடா உப்பில் வேகவைத்து நீக்கி, மிச்சத்தைக் கரைத்து, உடம்பிலேயே மக்கிப்போகிற ஏதோ பிளாஸ்டிக்கோடு கலந்து, ஊசி முனையில் கரண்ட் வைத்து இழுப்பாயாம். கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகள் விழுந்து விழுந்து வெள்ளைத் துண்டாகுமாம். புண்ணில் வைத்தால் புதுச் சதை அதைப் பிடித்து ஏறும். ஏறியபின் துண்டு கரைந்துவிடும். "வூடு கட்ட சாரம் கட்றாங்க இல்ல, அது மாதிரி" என்றாய். தலைமுடியை லட்சமாகக் கிழித்த இழை என்று டீக்கடையில் சொன்னேன். "கொஞ்சம் கம்மி பண்ணிக்கோங்க மாமா" என்றாய்.

பொங்கலுக்கு அப்படி ஒரு துண்டை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து காட்டினாய். சர்க்கரையால் ஆறாத அக்காவின் குதிகால் புண்ணில் அப்போதே ஒட்டப் போனேன். பிடுங்கிக்கொண்டாய்.

"எலி மேலயே இன்னும் வெச்சிப் பாத்துக்கினுதான் இருக்கோம். எங்கம்மா இன்னா, எலியா?"

டப்பாவை இங்கேயே மறந்துவிட்டுப் போனாய். ஆடியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் உடம்பு மேல் தாய்மாமன் கோடித் துணியைப் பட்டில்தான் போட்டேன், பாப்பா. காஞ்சிபுரத்திலேயே கிடைக்காத பட்டு என்று அங்கேயும் சொன்னேன். கம்மி பண்ணச் சொல்ல யாருமில்லை.

இன்று காலை அக்கா அந்த டப்பாவோடு வந்து நின்றாள்.

"இத என் கால்ல வெச்சிக் கட்டுடா. எம்பொண்ணு கை பட்டது."

"அது இன்னும் மருந்து ஆவலக்கா."

"நீதானடா ஊரெல்லாம் சொன்ன, சதை வளரும்னு?"

"சொன்னேன். அவ வேணாம்னா."

"அவதான் இல்லியேடா."

டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, அவளைக் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றினேன்.

அடுத்த கட்டு மாற்றும்போது மறுபடி கேட்பாள். அழுவாள். நான் கொடுக்கமாட்டேன். நீ சொல்ல வேண்டிய "வேணாம்மா"வை உன் இடத்தில் நின்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை மட்டும் டீக்கடையில் யாரிடமும் சொல்லவில்லை.