கிளி ஒத்துக்கொள்ளாத பழம்

இன்று பாப்பாவின் புத்தகப் பையைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. அடியில், கணக்கு நோட்டுக்குக் கீழே, ஒரு வாழைப்பழம் கறுத்து நசுங்கிக் கிடந்தது. நீ தினமும் ஒன்று வைப்பாய் என்பதால் நானும் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் தின்கிறாளா என்று பார்க்கத் தோன்றவில்லை. பையைக் கழுவி மாடியில் காயப்போட்டேன். மாடியில் போடாதே, மின் நிலையத்துச் சாம்பல் விழும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். விழுந்தது. தட்டிவிட்டு மறுபடி அங்கேயே போட்டேன்.

நீ போய்விட்டாய், எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நான் கல்லு மாதிரி இருக்கிறேன் என்று உன் அக்கா சொன்னதாகக் கேள்வி. கல்லுக்காவது வெயில் சுடும்.

பள்ளிக்கூடத்துக்குத் திரையைத் தொட்டுப் படிக்கிற டேப் வந்திருக்கிறது, பெற்றோரும் வந்து பாருங்கள் என்று டீச்சர் கூப்பிட்ட நாள் நினைவிருக்கிறதா? கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையை நீ எடுத்துக் கட்டினாய். நான் கன்டெய்னர் யார்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். டேபில் ஒரு பச்சைக் கிளி. அது ஒரு படம் காட்டும், நாம் பெயர் சொல்ல வேண்டும். கிளி ஒத்துக்கொண்டால் ஒரு நட்சத்திரம், அடுத்த படம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே படம்தான்.

உனக்கு வந்தது வாழைப்பழம்.

நீ "வாயப்பயம்" என்றாய். நீ பிறந்ததிலிருந்து அதன் பெயர் அதுதான். 'நீ சொன்னது: பயம்' என்று திரையில் எழுதிவிட்டுக் கிளி தலையை ஆட்டியது. மறுபடி சொல்லு கண்ணா என்றது. ஆறு தடவை சொன்னாய், ஆறு தடவையும் பயம். "இன்னா கிளி இது, காது கேக்காதா? தோல உரிச்சா எல்லாம் ஒரே பயம்தான்" என்றாய். வகுப்பே சிரித்தது. டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

பத்தாவது பாஸ் பண்ணியவன் என்ற திமிரில் நான் டேபை வாங்கினேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு "வாளைப்பளம்" என்றேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் கிளி விழித்தது.

"பத்தாவது படிச்ச லட்சணத்தப் பாரு. என்னுதாவது பயம். உன்னுது இன்னான்னே அதுக்குப் புரில" என்றாய்.

பாப்பா உன் கட்சி. டேபைப் பிடுங்கி அவளும் "வாயப்பயம்" என்றாள். மணி அடிக்கும்வரை நீங்கள் இருவரும் அந்தக் கிளியை விடவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. பதினோரு நாள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நீயும்தான் அங்கே இருந்தாய்.

போன திங்கட்கிழமை டீச்சர் போன் செய்தார். மற்ற பிள்ளைகள் எல்லாம் பழம், காய், மிருகம் தாண்டிக் கதை படிக்கப் போய்விட்டார்களாம். நம் பாப்பா மட்டும் வாழைப்பழத்திலேயே நிற்கிறாளாம். அவளோடு ஒரே டேபைப் பார்த்த பெண், சலித்துப்போய் வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டதாம்.

நான் போனதும் டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவளுக்கு ழ நல்லா வருது சார். மழை, கிழமை எல்லாம் சரியா படிக்கிறா. இதுகிட்ட மட்டும்தான் மாத்திச் சொல்றா. நானே அமுக்கித் தாண்ட வைக்கலாம். ஆனா அடுத்ததுல வாயே திறக்க மாட்டாளோன்னு இருக்கு."

பாப்பாவின் பெஞ்சில் உட்கார்ந்தேன். முட்டி மோவாயில் இடித்தது. ஏன் பாப்பா என்று கேட்டேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நா பழம்னு சொல்ட்டா அது அடுத்ததுக்குப் பூடும் நைனா. அம்மா இதுலதான் சொல்லிச்சு."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்த பலகையைத் துடைத்தார். உனக்குத் தெரியும், தேவையான நேரத்தில் என் மண்டைக்குள் எதுவும் ஓடாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இங்கே பழம் என்று சொல்லு, வூட்டில் பயம் என்றே சொல்லிக்கலாம் என்றேன்.

"வூட்ல யாரு சொல்வா?"

"நான் சொல்றேன்."

"நீ வாளைப்பளம்னுதான சொல்வ."

"கத்துக்கிறேன்."

கொஞ்ச நேரம் என்னை அளந்து பார்த்தாள், நீ பார்க்கிற மாதிரியே. பிறகு டேபுக்கு வாயை ரொம்பக் கிட்டே கொண்டுபோய், காதில் ரகசியம் சொல்வது மாதிரி, "வாழைப்பழம்" என்றாள். கிளி நட்சத்திரம் கொடுத்தது. பலாப்பழம் வந்தது. வாழைப்பழம் நகர்ந்து மறைந்த ஓரத்தை அவள் விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

அன்று சாயந்திரத்திலிருந்து எனக்குப் பாடம். நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டுகிறாள். மறுபடி சொல்லு நைனா என்கிறாள். இத்தனை வருஷம் உன் பேச்சைக் கிண்டல் செய்தேனே, அது அவ்வளவு சுலபமில்லை. நடுவில் நாக்கைச் சும்மா போட்டுவிட வேண்டும். எனக்கு அது வருவதில்லை. மூன்றாம் நாள்தான் ஒத்துக்கொண்டாள். நேற்று மார்க்கெட்டில் அண்ணாச்சியிடம் "ஒரு சீப்பு வாயப்பயம்" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நீ எடுக்கிற மாதிரி புள்ளி விழுந்த சீப்பாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

பை காய்ந்துவிட்டது. பாப்பா இப்போதுதான் மாடிக்கு வந்தாள். டேபில் கதை வந்துவிட்டதாம், யானைக் கதையாம், பாதி படித்தாளாம். மாறிப்போன பெண் பழைய பெஞ்சுக்கே வந்துவிட்டதாம். சொல்லிக்கொண்டே பையின் மேல் இருந்த சாம்பலை ஊதினாள். பசிக்கிறது என்றாள். நீ போனபின் அவள் வாயால் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"வூட்ல பயம் கீதா நைனா?"

"கீது" என்றேன்.