ஊஞ்சல் பக்கத்துப் பலகை

கட்கி, புனே
ஜூலை 9

அன்பு மகள் ஃபேபியோலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், ஜெர்மனியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். போன் இருக்கும்போது இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், அது போக வாயால் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், மெதுவாகவே படி, ஆனால் கடைசிவரை படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, டாக்டர் படி ஏறாதே என்றால் இவள் கோவில் படியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீ கேட்ட பாகர்வடி வாங்கி வைத்தாள், அதில் பாதியை நான் தின்றுவிட்டேன். ஆற்றோரத்து மைதானத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் கட்டுகிறோம் என்று படம் அனுப்பினேன் அல்லவா, நீகூட அப்பா இந்த வயதில் வெல்டிங் பண்ணுகிறாரா என்று சிரித்து எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். போன வருஷ வெள்ளத்துக்குப் பிறகு லோஹேகாவிலிருந்து அம்ருதா என்று ஒரு பெண் வந்தாள், விமானப்படைக்காரர் மகள், நம் தமிழ்ப் பெண்தான், உன்னைப் போலவே தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுவாள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு சனி ஞாயிறு தவறாமல் வந்து சேறு அள்ளினாள். பழைய டயரும் குழாயும் கொண்டுவந்து போட்டார்கள், போசரியில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் என்று என்னைக் கையோடு இழுத்துக்கொண்டார்கள். இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஒரு ஏற்ற இறக்கப் பலகை, எல்லாம் என் கையால் ஒட்டியது. இடம் பள்ளம், மறுபடியும் தண்ணீர் வரும் என்று சொன்னேன், வேறு இடமே இல்லை அங்கிள் என்றார்கள், அதுவும் உண்மைதான். போன மாதம் முதல் மழைக்கே முழங்காலளவு வண்டல் ஏறிவிட்டது. பிள்ளைகள் யாரும் வருவதில்லை, எந்தத் தாய் அங்கே அனுப்புவாள், சறுக்குக்கு அடியில் நாய்கள் படுத்திருக்கின்றன. கம்பெனிப் பிள்ளைகளும் பாவம், ஒவ்வொருவராக வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். போன வாரம் அம்ருதா மட்டும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளத்தில் அம்மு போனது அந்த மைதானத்தில்தான். நம் சந்துக் கோடியில் ஒற்றை அறையில் இருக்கிற மரியம்மாளின் மகள், ஆறு வயது, உனக்குப் போனில் பாட்டுப் பாடிக் காட்டினாளே அவள்தான். மரியம்மாள் நம் தூத்துக்குடிப் பக்கம், நாலு வீட்டில் சமையல் வேலை செய்கிறவள், மராட்டி ஒரு சொல் தெரியாது. ரேஷன் ஆபீஸ், பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர், எதுவென்றாலும் என்னைத்தான் கேட்பாள், நானும் மீசையைத் தடவிக்கொண்டு அர்த்தம் சொல்வேன். உன் அப்பா நாற்பது வருஷம் மராட்டியில் சண்டை போட்டவன், பேசத் தெரியுமே தவிர எழுத்து பாஷை அவ்வளவாகத் தெரியாது, அதை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

போன வருஷம் பிள்ளையார் சதுர்த்தி முடிந்து ஐந்தாம் நாள் மத்தியானம் ஒலிபெருக்கி வண்டி வந்தது. மழைச் சத்தத்தில் விசர் விசர் என்று மட்டும் காதில் விழுந்தது. வேலைக்குக் கிளம்பி நின்ற மரியம்மாள், அண்ணாச்சி, என்ன சொல்லுதான் என்று கேட்டாள். ஐந்தாம் நாள் பாதிப் பேர் பிள்ளையாரைக் கரைப்பார்கள் இல்லையா, அதற்குத்தான் விசர்ஜன் என்று பெயர், நானும் யோசிக்காமல், பிள்ளையார் கரைக்கப் போறாங்களாம், வழி விடச் சொல்லுதான், நீ வேலைக்குப் போ என்றேன். அவள், மழையில் நனைந்தபடி மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த அம்முவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள், நான் போய்ப் படுத்துவிட்டேன். வண்டிக்காரன் சொன்னது விசர்க். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிடுகிறோம், ஆற்றோரத்தில் இருக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறான். மராட்டிக்கார வீடுகளில் கட்டிலையும் அரிசியையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள், எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஓடை வழியாகப் பின்னாலிருந்து வந்தது, மேட்டுக்கு ஏறுகிற வழி முதலில் மூடிக்கொண்டது. மற்றப் பிள்ளைகளை வீட்டார் முன்னமே கூட்டிப் போயிருந்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அம்மு கிடைத்தாள்.

அன்று சாயங்காலமே எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லவில்லை மகளே. விசாரிக்க வந்தவர்களிடம் மரியம்மாள், பிள்ளையார் கரைக்கிறதாத்தான் சொன்னாங்க, அண்ணாச்சியும் கேட்டாங்க என்று அழுதாள், அவர்கள் என்னைப் பார்த்தார்கள், மழையில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி நழுவிவிட்டேன். அவள் புருஷன் ரஞ்சன்காவ் ஃபாக்டரியில் இருக்கிறவன், வண்டி கத்தியதைக் கேட்டும் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் என்று சொல்லி அங்கேயே தனியாகத் தங்கிவிட்டான். இவளோ, தண்ணீர் வருவதைச் சொல்லாமல் போனவன் என்று பத்து மாதமாக அந்த வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் ஊஞ்சல் ஒட்டினேன். ஒட்டி முடித்தால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன், ஒன்றும் குறையவில்லை.

மரியம்மாள் தினம் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, யாரும் உட்காராத ஊஞ்சலைத் துணியால் துடைத்துவிட்டுப் போவாள். போன சனிக்கிழமை அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை வந்தது, அதற்குக் கால் ஒட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். அவள் பக்கத்தில் வந்து நின்று, இதுல என்ன போட்டிருக்கு அண்ணாச்சி என்று கேட்டாள். இன்னும் என்னைத்தான் கேட்கிறாள். விசர்க் சமயத்தில் இங்கே வராதீர்கள் என்று போட்டிருந்தது. படித்தேன், பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, அழவில்லை.

"அப்போ அந்த வண்டிக்காரன் சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றாள்.

துணியை ஊஞ்சல் சங்கிலியில் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் பஸ் ஏறி ரஞ்சன்காவ் போய் அவள் புருஷனிடமும் சொன்னேன், இப்ப வந்து சொல்லி என்ன ஆகப்போகுது என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். திரும்பி வந்தால் மரியம்மாள் அறையில் பூட்டு. ஊருக்கா, வேறு எங்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. துணி இன்னும் சங்கிலியில்தான் தொங்குகிறது, எடுக்க எனக்குக் கை வரவில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, நீ போனில் வாய்விட்டுவிடாதே, இந்த ஞாயிறு பூசை முடிந்து நானே சொல்கிறேன். அவள் என்னோடு பேசாமல் இருந்தால் நீ அவளைச் சமாதானப்படுத்த வேண்டாம். நீ வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடிந்தால் தூங்கு. மாதா உன்னைக் காக்கட்டும், என் ஆசீர்வாதத்துக்கு இன்னும் மதிப்பு இருக்குமானால் அதுவும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. உன் ஆஸ்பத்திரியில் யாராவது ஜெர்மன் பாஷையில் ஏதாவது சொல்லி, பாதி புரிந்து பாதி புரியாமல் இருந்தால் தலையாட்டாதே அம்மா. எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேள். நான் அன்று வாசலில் இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம், வண்டி நம் சந்து முனையில் நின்றுகொண்டுதான் இருந்தது.

இப்படிக்கு,
உன் அப்பா
இருதயராஜ்