விழுந்ததை எண்ணாத ஆய்வு

ஜூன் 9, திங்கள்

இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர்களுக்கு இன்று வழக்கமான பாடம். ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்தால் கேட்க வேண்டியவை: யாருக்குக் கொடுத்தார்கள், என்ன கொடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள். கடைசிக் கேள்வியில்தான் எல்லோரும் சறுக்குவார்கள் என்றேன். பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். நியாயம்தான். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்வதை டாக்டராகப் போகிறவர்கள் ஏன் கேட்க வேண்டும் என்று எனக்கே சில நாள் தோன்றும்.

ஒவ்வொரு குழுவும் ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு மாதக் கடைசியில் பேச வேண்டும். நான் மனதுக்குள் குறுக்குக்கேள்வி என்று பெயர் வைத்திருக்கும் பெண், துறைத் தலைவரின் கட்டுரையைப் பிடித்துக்கொண்டாள். வயதானவர்கள் தலைசுற்றி விழாமல் இருக்க அவர் கொடுத்துப் பார்த்த மாத்திரை பற்றியது.

"அது ரொம்பப் பெரிசும்மா. வேற எடுக்கலாமே."

"பெரிசா இருந்தாத்தான் சார் மூணு பேருக்கும் வேலை இருக்கும்."

என் மறுநியமனத்தில் ஆண்டுதோறும் கையெழுத்துப் போடுகிறவர் அவர். என் மனைவி சாப்பிடுவதும் அதே மாத்திரைதான். அவரே எழுதிக் கொடுத்தது.

ஜூன் 13, வெள்ளி

மனைவி மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் விறுவிறுவென்று இறங்கி வந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தலை சுற்றியது. "உங்க தலைவருக்கு ராசியான கைங்க. நீங்களும் ஒண்ணு போட்டுப் பாருங்களேன், ஃபோன் அடிச்சாலே நடுங்கறீங்க." சிரித்து வைத்தேன். போன வருடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள்.

ஜூன் 16, திங்கள்

குளியலறையில் விழுந்துவிட்டாள். முழங்கை வீங்கியிருக்கிறது, எலும்பு முறியவில்லை. மிதியடிமேல் பழியைப் போட்டு அதைத் தூக்கி எறிந்தோம். போன மாதம் வராந்தாவில் விழுந்தபோது பழி செருப்புக்கு.

ஜூன் 19, வியாழன்

குறுக்குக்கேள்வி வந்தாள். கூடவே அவள் குழுவைச் சேர்ந்த, நான் தலையாட்டி என்று பெயர் வைத்திருக்கும் பையன். அவன் பேசி நான் கேட்டதில்லை.

"ஆய்வு தொடங்கறதுக்கு முன்னாடியே எதை அளக்கப்போறோம்னு பொதுப் பதிவேட்டுல எழுதி வைக்கணும்னு சொன்னீங்கல்ல சார்? அதைத் தேடி எடுத்தோம்."

பதிவேட்டில் முதன்மை அளவு: ஆறு மாதத்தில் எத்தனை தடவை விழுந்தார்கள். கட்டுரையில் முதன்மை அளவு: விழுந்துவிடுவோமோ என்ற பயம் எவ்வளவு குறைந்தது. விழுந்த கணக்கு கட்டுரையில் எங்கும் இல்லை. இணைப்பின் கடைசி அட்டவணையில் பொடி எழுத்தில் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டவர்கள் முப்பத்தொரு தடவை. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட அதே அளவு பேர் பத்தொன்பது.

"சின்ன ஆய்வு, தற்செயலாக்கூட இருக்கலாம். ஆனா விழறது குறைஞ்சதுன்னு சொல்ல முடியாது, இல்லையா சார்?"

"முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், இரண்டு தடவை.

தலையாட்டி வாயைத் திறந்தான். "சார், தண்ணி வேணுமா?"

ஜூன் 20, வெள்ளி

போன வருடம் மனைவிக்கு மருந்து எழுதிக் கொடுத்த அன்றே தலைவர் அந்தக் கட்டுரையையும் என் கையில் கொடுத்தார். ஒரு மரியாதைக்கு. படித்தேன் — எதை? முகப்பில் இருக்கும் சுருக்கத்தை.

சுருக்கத்தோடு நிறுத்தாதீர்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் பலகையில் எழுதி அடிக்கோடு இடுகிறவன் நான். என் வீட்டுக்குள் வந்த கட்டுரையை மட்டும் சுருக்கத்தோடு மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். நம்பிக்கையா? அவரைச் சோதிப்பதே மரியாதைக் குறைவு என்று பட்டதா? இல்லை — வேறு மாதிரி ஏதாவது இருந்து தொலைத்தால் அதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்ற பயம்.

சாப்பாட்டுக்குப் பின் அவள் மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 23, திங்கள்

குழுவைக் கூப்பிட்டுக் கட்டுரையை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். நேரம் போதாது என்று ஒரு பொய் வேறு.

"கட்டுரை யாரோடதுன்னு பார்க்காதீங்கன்னு போன வாரம் சொன்னீங்க சார். இந்த வாரம் பார்க்கணுமா?"

குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. "நாளைக்குச் சொல்றேன்மா."

ஜூன் 24, செவ்வாய்

தலைவர் அறைக்குப் போனேன். கேட்க வேண்டியதை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். உள்ளே போனதும் வரிசை கலைந்துவிட்டது.

"என் மனைவி ரெண்டு தடவை விழுந்துட்டா சார்."

பேனாவை மூடி வைத்தார். பிறகு மீதியையும் கேட்டேன்.

"ஆமா, மாத்தினோம். விழுந்த எண்ணிக்கையை வெச்சு ஒண்ணும் உறுதியா சொல்ல முடியல. ஆனா பயம்தானே சார் அவங்களை வீட்டுக்குள்ள முடக்கிப் போடுது? அது குறைஞ்சது. இதுல என்ன பொய்?"

பொய் இல்லைதான்.

"மாத்தினதைக் கட்டுரையில சொல்லலையே சார்."

என் குரலா அது?

"இது பசங்க கேக்கறதா, நீங்க கேக்கறதா?"

"முதல்ல பசங்க கேட்டாங்க. இப்ப நானும் கேக்கறேன்."

மருந்துச் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று, படிப்படியாகக் குறைக்கும் விதத்தை எழுதிக் கொடுத்தார். கையெழுத்து ஒழுங்காக இருந்தது. மாணவர்கள் பேசப்போவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் குறுக்குக்கேள்வியைத் தேடிப் போய், அதே கட்டுரையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மனம் மாறுவதற்குள்.

ஜூன் 25, புதன்

மனைவியிடம் சொன்னேன். பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"அப்போ எனக்கு வந்த தைரியம் பொய்யா?"

"தைரியம் நிஜம்தான். மாத்திரை உன்னை விழாமப் பார்த்துக்கும்னு சொன்னதுக்குத்தான் ஆதாரம் இல்ல."

"மறுபடி பல்லி மாதிரி சுவத்தோட ஒட்டிக்கிட்டுத் திரியணுமா? இந்த ஒரு வருஷம்தாங்க மனுஷியா நடந்தேன்."

இவள் விழுந்தது மாத்திரையாலா, மிதியடியாலா? எந்த ஆய்வும் ஒரு தனி ஆளைப் பற்றி அப்படிச் சொல்லாது. வகுப்பில் நானே சொல்லும் வரி. சொன்னேன்.

"புஸ்தகம் பேசறதை விடுங்க. நீங்க என்ன நினைக்கறீங்க? நீங்க."

"குறைச்சிடலாம்."

இந்த வீட்டில் நானாக எடுத்த முதல் முடிவாக இருக்கும். அவள் எழுந்து போய்விட்டாள். கைப்பிடியைத் தொடாமலேதான் படியேறினாள்.

ஜூன் 30, திங்கள்

பேச்சு முடிந்தது. தலைவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். குறுக்குக்கேள்வி இரண்டு அளவுகளையும் அருகருகே காட்டினாள். அடைமொழி இல்லை, குற்றச்சாட்டு இல்லை. இதை இவ்வளவு சுத்தமாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "விழுந்தவங்கள்ல எத்தனை பேர், பயம் போனதால பிடிமானத்தை விட்டவங்க?"

"அதை நீங்க கேட்டு வைக்கலையே சார்."

அவர் தலையை அசைத்துவிட்டு எழுந்து போனார். கோபமா, ஒப்புக்கொண்டதா — என்னால் படிக்க முடியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மனைவிக்கு இப்போது அரை மாத்திரைதான். என்னோடு பேசுவதில்லை. காபி மட்டும் வருகிறது.

ஜூலை 28, திங்கள்

அடுத்த பருவத்துக்கான அட்டவணையை ஒட்டியிருக்கிறார்கள். என் பாடம் இருக்கிறது. எதிரே பெயர் இல்லை, ஒரு கோடு மட்டும். கேட்கலாமா என்று தலைவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். வராந்தாவில் தலையாட்டி எதிரே வந்தான். "அடுத்த வருஷப் பசங்களுக்கு யார் சார் எடுப்பாங்க?" தெரியவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். மாத்திரை அடியோடு நின்று சில நாட்கள் ஆகின்றன. இதற்கிடையில் விழவில்லை — அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, தெரியும். இரண்டு கையாலும் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"என்னங்க, பயமா இருக்கு. கையைக் குடுங்க."

பையைக் கீழே போட்டுவிட்டு ஏறிப் போனேன். ஒவ்வொரு படியாக இறங்கினோம். பாதியில் நின்றாள்.

"உங்க கையே நடுங்குதே."

"ஆமா."

"சரி, பார்த்து வாங்க" என்றாள். பிடியை விடவில்லை.