பச்சைக் கல்லில் ஒரு சொட்டு ஆசிட்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், நீ அனுப்பிய கல்லுக்குத்தான் உடம்பு சரியில்லை. எலுமிச்சம்பழச் சாற்றைக் கொட்டி நான்தான் அதைக் கெடுத்துவிட்டேன் என்று உனக்கு எழுதச் சொல்லி உன் அப்பாவின் உத்தரவு. எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

பார்சலைப் பிரித்தால் பச்சையில் கரும்பச்சை வளையம் வளையமாக, உள்ளங்கை அகலத்துக்கு அப்படி ஓர் அழகு. மாலகைட் என்று பெயராம், கூடவே நீ கைப்பட எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. வெந்நீர் படக்கூடாது, வெயில் ஆகாது, புளிப்பு ஆகாது, சென்ட் ஆகாது, கத்தி பட்டால் கீறும், உலர்ந்த மெல்லிய துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். பெற்ற உன்னைக்கூட நான் இவ்வளவு பக்குவமாக வளர்க்கவில்லை. மேலே ‘அப்பாவுக்கு’ என்று எழுதியிருந்தாய். நிரந்தர வேலையை உதறிவிட்டு நீ கிளம்பிய இந்த மூன்று வருஷத்தில் அவருக்கு நீ எழுதிய முதல் வார்த்தை. அவர் மட்டும் லேசுப்பட்டவரா, குறிப்பைத் தொடவே இல்லை. ‘எந்தக் கடைக்காரன் இவன் தலையில மொளகா அரைச்சானோ’ என்றார். பள்ளிக்கூட லேபில் முப்பது வருஷம் பாட்டில் கழுவிய மேதை, அசலா போலியா என்று பார்க்காமல் விடுவாரா? செம்பு கலந்த கல்லாம், அசலானால் ஆசிட் பட்டதும் நுரைக்குமாம். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டில் ஒரு சொட்டு எடுத்து நட்டநடுவில் விட்டார். அடியில் ஓர் ஓரமாக விடலாம் என்று அந்த மூளைக்குத் தோன்றவில்லை. புஸ்ஸென்று நுரைத்தது. ‘அசல்தான்டி, நம்ம பையன் ஏமாறல’ என்று அவர் போட்ட கூச்சலில் மாடிவீட்டுத் தையல்காரம்மா என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டாள். துடைத்துப் பார்த்தால் பளபளப்புப் போய், பொட்டு அளவுக்கு வெளிறிய வட்டம்.

மறுநாள் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தார். அந்தத் தூள் மூச்சில் போனால் விஷம் என்று உன் கடைசி வரியைப் படித்துக் காட்டித் தாளைப் பிடுங்கினேன். அப்போதுதான் ஐயா குறிப்பையே வாங்கிப் பார்த்தார். இப்போது அது அவர் சட்டைப்பையை விட்டு இறங்குவதில்லை. தினம் காலையில் வட்டத்தின் மேல் துளி மெழுகு தடவி, என் நல்ல புடவையில் கிழித்த ஒரு துண்டால் துடைக்கிறார், பழைய புடவை அவ்வளவு மிருது இல்லையாம். வட்டம் போகவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ‘பையன் அனுப்பினது’ என்று காட்டுகிறார், வட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு. உனக்குத் தெரிந்தால் மூன்று வருஷம் முப்பது வருஷமாகிவிடும் என்று பயப்படுகிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, அதனால்தான் பழியை ஏற்றுக்கொண்டேன்.

ஆகவே நீ போன் பண்ணு. அவரைக் கூப்பிட்டு, அம்மா இப்படிப் பண்ணிவிட்டாளே என்று என்னை நன்றாகத் திட்டு. அவரும் சேர்ந்து திட்டுவார், அதில் அவருக்கு நல்ல பழக்கம். இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்து எத்தனை நாளாயிற்று. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கல்லும் துணியுமாக போன் பக்கத்திலேயே இருப்பார், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
எலுமிச்சம்பழச் சாற்றைக் கொட்டிய
உன் அம்மா