மழைக்கு முன் கயிற்றைத் தளர்த்து

செவ்வாய்க்கிழமை, மதியம்

பெரியவளின் அப்பாவுக்கு,

இங்கே நான், பிள்ளைகள், சமையலறைக் குழாய் எல்லோரும் நலம். குழாய்க்குப் புது வாஷர் போட்டாயிற்று, அதனால் அதையும் சேர்த்துக்கொண்டேன். நீங்களும் நீங்கள் கட்டும் பாலமும் நலமாக இருக்க வேண்டும். முதுகுவலிக்கு அனுப்பிய தைலத்தைத் தடவுகிறீர்களா, இல்லை பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். அங்கே போனுக்காக உங்களுக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது. இங்கே என் தோளை ஒட்டிப் பெரியவள் நிற்கிறாள். இந்த விஷயத்தை அவள் காதுபடச் சொல்ல முடியாது. அதனால் கிளினிக்கில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, வரவேற்பு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே பல் டாக்டர் யாருக்கோ கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். நடுவில் எழுத்து கோணினால் அந்த அலறல்தான் காரணம்.

விஷயம் சாரணியர் முகாம். போனில் நீங்கள் முகாம் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். ரொம்ப நல்லா இருந்ததுப்பா என்றாள். மழை வந்ததா, கயிற்றைத் தளர்த்தினாயா என்று கேட்டீர்கள். தளர்த்தினேன்பா என்றாள். சபாஷ், அப்பா சொன்னதை மறக்கல பாரு என்று நீங்கள் சிரித்தது எனக்கே கேட்டது. போனை என் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்குள் போனவள், நீங்கள் வைத்த பிறகும் வெளியே வரவில்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். இந்த வருடம் அவள் அணித் தலைவி. அவளோடு சேர்த்து ஆறு பெண்கள், ஒரு கூடாரம். முகாம் பேட்ஜுக்கான தேர்வும் இதே முகாமில்தான். அதற்கென்று வரும் தேர்வாளருக்குப் பெண்கள் வைத்திருக்கும் பெயர் அளவுகோல். கூடாரத்துக்கும் அடுப்புக்கும் நடுவே போதிய இடம் விட்டிருக்கிறார்களா, கழிவுநீர்க் குழி மூடியிருக்கிறதா, அடுத்தவளுக்குக் கத்தியை நீட்டும்போது பிடி எந்தப் பக்கம் இருக்கிறது, தீ மூட்ட வெட்டி எடுத்த புல்தரையை வாடாமல் நிழலில் வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றையும் குனிந்து குனிந்து பார்ப்பாராம். இரண்டாம் நாள் மதியம் வரை நம்மவள் அணிதான் முதலிடம். ஈர விறகில் தீ மூட்டிக் காட்டியதும் அவள் ஒருத்திதான்.

அப்புறம் மேகம் கூடியது. மற்ற அணிகள் ஓடிப்போய்க் கூடாரக் கயிறுகளை இழுத்து இறுக்கின. நம்மவள் மட்டும், தளர்த்துங்கடி, தளர்த்துங்க என்று கத்தினாளாம். உதவித் தலைவி, அதான் கண்ணாடிக் கடைக்காரர் மகள், வகுப்புல இறுக்கத்தானே சொன்னாங்க என்று கேட்டிருக்கிறாள். எங்கப்பா சொல்லியிருக்கார், மழைக்கு முன்னாடி தளர்த்தலன்னா கயிறு சுருங்கி முளையையே பிடுங்கிடும் என்று சொல்லிவிட்டு, இவளே ஒவ்வொரு முளையாகப் போய்த் தன் கையால் தளர்த்தியிருக்கிறாள். மழை காற்றோடு வந்தது. துணி தொய்ந்து, மேலே தண்ணீர் குட்டையாகத் தேங்கி, நடுக்கம்பு சாய்ந்து, கூடாரம் அப்படியே ஆறு பேர் படுக்கை மேலும் உட்கார்ந்துவிட்டது. வேறு எதில் குறை இருந்தாலும் மதிப்பெண்தான் குறையுமாம். படுக்கை நனைந்தால் மட்டும் பேட்ஜ் கிடையாது. ஆறு பேருக்குமே கிடையாது.

படைத் தலைவி நேற்று வீட்டுக்கு வந்து எனக்குப் பொறுமையாக விளக்கினார். (எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்குவதால் நம் வீட்டில் அவர் விசில் அக்கா.) நீங்கள் சொன்ன விதி பருத்திக் கயிற்றுக்கு உரியது. பருத்தி நனைந்தால் சுருங்கும், தளர்த்தத்தான் வேண்டும். நீங்கள் சாரணராக இருந்த காலத்துக் கூடாரத்தை மொட்டைமாடியில் விரித்து, ஏணிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் கட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, அது பருத்திக் கயிறு. இப்போது எல்லாம் நைலான். அது நனைந்தால் நீளும், இறுக்க வேண்டும். இதைப் படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வாக்குக்கு முன்னால் அது எடுபடவில்லை.

என்னை உறுத்துவது கூடாரம் விழுந்தது இல்லை. எல்லோரும் இறுக்கும்போது நீ ஏன்மா தளர்த்தினாய் என்று அளவுகோல் கேட்டதற்கு, மறந்துட்டேன் சார் என்றிருக்கிறாள். அவ்வளவுதான். உங்கள் பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை. நனைந்த போர்வையைப் பிழிந்துகொண்டிருந்த ஐந்து பேர் முன்னால், மறதிக்காரி என்ற பெயரைத் தானாகவே வாங்கிக்கொண்டிருக்கிறாள். நம் வீட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுக்க வந்த கண்ணாடிக் கடைக்காரர் மகள்தான், ஏன் ஆன்ட்டி அவ பொய் சொல்றா என்று என்னிடமே நியாயம் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கும் பேட்ஜ் போயிற்று. அவள் கோபப்படுவதில் என்ன தப்பு?

நான் சும்மா இருப்பேனா? ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, பருத்திக் கயிற்றுத் துண்டு ஒன்றும் நைலான் துண்டு ஒன்றும் ஊறப்போட்டுக் காட்டினேன். பார்த்தாள். அப்பா சொன்னது சரிதான், நான்தான் அதிகமா தளர்த்திட்டேன் என்றாள். இல்லடி, அப்பா சொன்னது பழைய கயித்துக்கு என்றேன். நீ எப்பவும் அப்பாவைக் குறை சொல்லுவே என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நீங்கள் போன இந்த நான்கு வருடத்தில் அவள் காதில் விழும்படி உங்களை ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை நான். உங்களிடம் நேரில் பேசுவது வேறு கணக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த மாதம் மறுதேர்வு வைக்கிறார்கள். தலைவி வராவிட்டால் அந்த அணிக்குத் தேர்வே இல்லை. இவளோ சீருடையை மடித்துப் பீரோவின் மேல்தட்டில் போட்டுவிட்டாள். இனிமேல் சாரணியரே வேண்டாமாம். போனால் மறுபடி மழை வரும், மறுபடி ஒன்று உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும், இல்லை மீற வேண்டும். இரண்டும் அவளால் முடியவில்லை, வேறொன்றும் இல்லை.

ஆகவே நீங்கள் எழுதுங்கள். போனில் வேண்டாம், வரிசையில் நிற்பவர்களுக்காக அவசரமாகப் பேசுவீர்கள். அவள் பெயருக்குக் கடிதம் போடுங்கள். உங்களை எனக்குத் தெரியாதா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர். நம் கல்யாணக் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று ஊரே சொன்னபோது, ஊர்தான் மெதுவாகப் போகிறது என்றவர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று இந்த ஒரு தடவை அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்கு அதை நான் சொன்னால் குறை, நீங்கள் சொன்னால்தான் செய்தி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சின்னவனைப் பால்கனிக் கதவுப் பக்கம் விடாதே என்று வாராவாரம் சொல்கிறீர்கள், நானும் சரி சரி என்கிறேன். அந்தக் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடுவதே இப்போது அவன்தான்.

ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாமா, உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அதை யோசிக்க இப்போது எனக்கு மனம் இல்லை. முதலில் கயிறு.

எனக்கான பதிலை விட, அவளுக்கான கடிதத்தை அதிகம் எதிர்பார்க்கும்,
உங்கள் மனைவி.



திங்கட்கிழமை, சாயங்காலம்

அன்புள்ளவருக்கு,

நாங்கள் நலம். உங்கள் முதுகும் தேவலை என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். இந்தத் தடவை உங்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும்.

அவள் பெயர் போட்ட உறை வந்தது. அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சின்னவன் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்து, படிக்கிறா, இன்னும் படிக்கிறா என்று எனக்கு நேர்முக வர்ணனை கொடுத்தான். அப்புறம் வெளியே வந்தாள். கடிதத்தைக் கையில் தரவில்லை, நடுவில் ஒரு பகுதியை மட்டும் படித்துக் காட்டினாள். வேலையிடத்து ஸ்டோர்காரரிடம் இரண்டு வகைக் கயிறும் கேட்டு வாங்கி, டிரம் தண்ணீரில் முக்கி, சாரத்தில் கட்டித் தொங்கவிட்டீர்களாமே? கிரேன்காரர் உங்களைப் பார்த்து, என்ன மேஸ்திரி, துணி காயப்போடறீங்களா என்று கேட்டாராமே? அந்த இடத்தில் அவளே சிரித்துவிட்டாள்.

அதற்கு அடுத்து, அப்பா சொன்னது தப்பு, நீ மறக்கவில்லை, நான்தான் மாறியதைத் தெரிந்துகொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை எனக்காக இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பதினாறு வருடக் காத்திருப்பு, மறைப்பானேன், காதுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சொன்ன சபாஷைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், தேர்வு முடிந்ததும் வேறு சபாஷ் அனுப்புகிறேன் என்று முடித்திருந்தீர்கள். அங்கே வந்ததும் அவளால் படிக்க முடியவில்லை.

அழுது முடித்தபின் என்னிடம், இங்க இருக்கிற கயிறு எதுன்னு அப்பாவுக்குத் தெரியாதாம்மா என்று கேட்டாள். அவர் போகும்போது உங்கள் படையில் இந்தக் கயிறு இல்லையே என்றேன். அப்ப நான் எவ்வளவு உயரம்னு தெரியுமா என்றாள். போட்டோ அனுப்புகிறோமே என்றேன். போட்டோல உயரம் தெரியாதும்மா என்றாள்.

மறுநாளே சீருடையை இறக்கி இஸ்திரி போட்டாள். ஐந்து பேரையும் வீட்டுக்கு வரச்சொல்லி, மறக்கல, எங்கப்பா சொன்னதைக் கேட்டுத்தான் செஞ்சேன், அது பழைய கயித்துக்காம் என்று போட்டு உடைத்துவிட்டாள். கண்ணாடிக் கடைக்காரர் மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம், இதை அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னோட சண்டை போடாம உங்கப்பாவோட போட்டிருப்பேனே என்றாள். அத்தோடு சமாதானம்.

மறுதேர்வு நேற்று முடிந்தது. எல்லோரும் குடையும் கையுமாகக் காத்திருக்க, வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு சொட்டு இல்லை. அளவுகோல் மற்றதெல்லாம் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, பேட்ஜ் உண்டு என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டாளா உங்கள் மகள்? நூலைப் போல சேலை என்பார்கள், இங்கே நூல் நீங்கள்தான், என்னைச் சொல்லாதீர்கள். மழை வராம எனக்கு வேண்டாம் சார் என்று நின்றிருக்கிறாள். விசில் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாராம். ஆறு பெண்களும் கயிறுகளை இழுத்து இறுக்கிவிட்டு, குழாயடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து தங்கள் கூடாரத்தின் மேலேயே கொட்டியிருக்கிறார்கள். கயிறு நீள நீள இவள் சுற்றிச் சுற்றி வந்து இறுக்கியிருக்கிறாள். ஒரு வாளி குறி தவறி அளவுகோலின் கால்சட்டையை முழங்கால் வரை நனைத்துவிட்டது. மனிதர் அப்படியே உள்ளே போய் மண்டியிட்டு, ஆறு படுக்கையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, என்னைத் தவிர எல்லாம் உலர்ந்திருக்கு என்றாராம்.

ஆறு பேருக்கும் பேட்ஜ். நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன சபாஷ் இன்னும் பாக்கி, ஞாபகம் இருக்கட்டும்.

இப்போது உங்கள் ஒப்பந்த விஷயம். அபிப்பிராயம் கேட்டீர்கள். அபிப்பிராயம் எழுதத் தெரிந்திருந்தால் போன கடிதத்திலேயே எழுதியிருப்பேன். வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். சீருடையில் பேட்ஜைத் தைக்கலாம் என்று நேற்று ஊசியை எடுத்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். சின்னப் பிள்ளைகள் பிரிவில் முதன்முதலில் முடிச்சு பேட்ஜ் வாங்கியபோது, நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், விரலில் நாலு இடத்தில் குத்திக்கொண்டு கோணல்மாணலாகத் தைத்துக் கொடுத்தீர்களே, இதையும் அப்பாதான் தைக்கணும் என்கிறாள். சீருடை கதவுக் கொக்கியில் தொங்குகிறது. பேட்ஜ் சட்டைப்பையில் இருக்கிறது. ஊசியில் நூல் கோத்துக் காலரில் குத்தி வைத்திருக்கிறாள். அவசரமில்லைம்மா, அப்பா வரும்போது வரட்டும் என்கிறாள்.

அந்தச் சட்டை எனக்குத் தெரியும். இப்போதே தோளில் பிடிக்கிறது. பிரித்து விடலாமா என்று தையல் கடையில் காட்டினேன். உள்ளே மடிப்புத் துணி இல்லை, இந்த வருஷம் மட்டும்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உயரத்தில் நிற்கும்போது இடுப்புக் கயிற்றை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள் மனைவி.